நகர்வாசிகளும் காவல் நிலையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே மனைகளாகப் பிரிக்கப்பட்டு வளர்ந்த நகர்களில் ஒன்றில், குடியிருப்போர் நலச்சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பை நான் கவனித்துவருகிறேன். மாதக் கூட்டத்திலும், வாசல் கதவருகிலும், நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பிலும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களே என்னிடம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, விடைகளை எழுதியிருக்கிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருப்பதும், சொன்னதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்காமல் வருவதுமே நம்மவர்களுக்குப் பெரும் இழப்பைத் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து. பல விடைகளில் அதையே வெவ்வேறு விதமாகக் காண்பீர்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் பதிலாக, பாரதிய நியாய சன்ஹிதாவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. கீழே ‘தண்டனைச் சட்டம்’, ‘நடைமுறைச் சட்டம்’ என்று குறிப்பிடுபவை இந்தப் புதிய சட்டங்களே.

1. எங்கள் நகர் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. தாம்பரம், ஆவடி ஆகிய காவல் ஆணையரகங்கள் 2022 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கியபோது, அதுவரை சென்னை மாநகரக் காவலின் கீழும் சுற்றியுள்ள மாவட்டக் காவலின் கீழும் இருந்த பல நிலையங்கள் புதிய ஆணையரகங்களுக்கு மாறின. மேலும், காவல் நிலைய எல்லை என்பது ஊராட்சி எல்லையோடோ அஞ்சல் குறியீட்டோடோ ஒத்துப்போகவேண்டிய அவசியம் இல்லை. ஒரே நகரின் முதல் தெருவும் கடைசித் தெருவும் இரண்டு நிலையங்களுக்கு உட்பட்டிருக்கக்கூடும்.

அருகிலுள்ள நிலையத்துக்கு அவசரம் ஏதும் இல்லாத ஒரு நாளில் நேரில் சென்று, தெருப் பெயரைச் சொல்லிக் கேட்பதே எளிய வழி. சட்டம் ஒழுங்கு ஆய்வாளர், குற்றப்பிரிவு ஆய்வாளர், உங்கள் பகுதிக்குரிய அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆகியவற்றின் எண்களையும் அப்போதே வாங்கி, நகரின் நுழைவாயில் பலகையில் எழுதிவையுங்கள்.

2. 100-ஐக் கூப்பிடுவதா, 112-ஐயா, இல்லை நேராக ஸ்டேஷனுக்கா?

உயிருக்கோ உடைமைக்கோ அந்த நேரத்தில் ஆபத்து இருந்தால் 100 அல்லது 112. இரண்டும் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். நிலையத்தின் தொலைபேசியில் யாரும் எடுக்காமல் போகலாம். எடுத்தாலும் நீங்கள் அழைத்ததற்குத் தடயம் இருக்காது. கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்பு பதிவாகிறது என்பதால், பின்னால் எப்போது தகவல் தரப்பட்டது என்ற கேள்வி எழும்போது அந்தப் பதிவு உங்களுக்குத் துணை நிற்கும். மருத்துவ அவசரத்துக்கு 108, தீ விபத்துக்கு 101.

அழைப்பை எடுப்பவர் உங்கள் தெருவை அறிந்தவராக இருக்கமாட்டார். ‘பிள்ளையார் கோயில் தெரு’ என்று மட்டும் சொன்னால் நூறு தெருக்கள் உண்டு. மாவட்டம், பகுதி, நகரின் பெயர், பெரிய சாலையிலிருந்து திரும்பவேண்டிய இடம் என்ற வரிசையில் சொல்லுங்கள். பிறகு நடப்பதைச் சொல்லுங்கள். ரோந்து வாகனத்திலிருந்து திரும்ப அழைப்பார்கள். அறிமுகமில்லாத எண் என்று அதை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

3. சந்தேகப்படும்படி ஒருவர் தெருவில் சுற்றுகிறார். கூப்பிட்டுச் சொல்லி, ஒன்றும் இல்லையென்றால் நம்மேல் நடவடிக்கை வருமா?

வராது. பொய் என்று அறிந்தே, பிறருக்குத் தீங்கு நேரவேண்டும் என்று தகவல் தருவதுதான் தண்டனைச் சட்டத்தின் 217-ஆம் பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் தவறாகிப்போனால் அது குற்றமாகாது.

ஆனால் எதைச் சந்தேகம் என்று எண்ணுகிறோம் என்பதில் நமக்குக் கவனம் வேண்டும். ஒருவருடைய நிறமோ, உடையோ, அவர் பேசும் இந்தியோ, வங்காளமோ சந்தேகத்துக்கான காரணம் ஆகாது. பூட்டிய வீட்டின் கதவை அசைத்துப் பார்ப்பது, ஒவ்வொரு வண்டியின் பூட்டையும் தொட்டுப் பார்ப்பது, எண் பலகை மறைக்கப்பட்ட வாகனத்தில் ஒரே தெருவைச் சுற்றுவது போன்ற செயல்களைக் கவனித்துச் சொல்லுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர்கள் உலவுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நகர்க் குழுவில் அறிமுகமில்லாத ஒருவரின் படத்தை ‘உஷார்’ என்ற சொல்லோடு பகிர்வதற்கு முன்னால் இதை நினைத்துப் பார்க்குமாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

4. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம். நாம் கட்டிவைக்கலாமா?

பிணையில் விடமுடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றத்தைத் தம் கண் முன்னே செய்பவரைப் பிடித்துவைக்கப் பொதுமக்களுக்கும் உரிமை உண்டு. நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அதைத் தருகிறது. பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அடிப்பதற்கும், கம்பத்தில் கட்டிவைத்துப் படம் எடுத்துப் பரப்புவதற்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அப்படிச் செய்தால் வழக்கு நம்மீதே திரும்பும். அந்த மனிதர் இறந்துபோனால் அது கொலை வழக்கு.

5. வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதனால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. பூட்டிய வீடுகளின் விவரத்தை எழுதிக் கொடுத்தால், இரவு ரோந்து செல்லும் காவலர் அந்தத் தெருவைச் சுற்றில் சேர்த்துக்கொள்வார். பல நகர்களில் ரோந்துக் காவலர் நேரம் குறித்துக் கையெழுத்திடுவதற்கென்று தெருமுனையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். உங்கள் நகரில் இல்லையென்றால் நிலைய ஆய்வாளரிடம் சங்கத்தின் வழியாகக் கேட்கலாம். ஒரு நிலையத்தின் ரோந்து வாகனம் பல சதுர கிலோமீட்டரைச் சுற்றவேண்டியிருப்பதால், உங்கள் வீட்டு வாசலில் இரவு முழுவதும் ஒருவர் நிற்பார் என்று எதிர்பார்க்கக்கூடாது.

மீதிப் பாதுகாப்பு நம் கையில் இருக்கிறது. பால், செய்தித்தாள் ஆகியவற்றை முன்கூட்டியே நிறுத்துங்கள், ஏனெனில் வாசலில் சேர்ந்து கிடக்கும் பால் பாக்கெட்டுகளைப் போல வீடு காலியென்று அறிவிப்பது வேறொன்றும் இல்லை. வாசல் கதவில் பெரிய தொங்கு பூட்டுப் போடுவதைவிட உட்பூட்டு நல்லது. அண்டை வீட்டாரிடம் சொல்லி, தினமும் வாசல் தெளித்துக் கோலமிடவும் மாலையில் விளக்கைப் போடவும் ஏற்பாடு செய்யுங்கள். நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பயணப் படங்களை ஊர் திரும்பிய பிறகு வெளியிடுங்கள்.

6. புகார் கொடுத்தேன், ஒரு சீட்டு கொடுத்தார்கள். அது எஃப்.ஐ.ஆரா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் பெற்றது மனு ஏற்பு ரசீது. பேச்சு வழக்கில் சி.எஸ்.ஆர். என்பார்கள். புகார் பெறப்பட்டது, இந்த எண்ணில் பதிவேட்டில் ஏற்றப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதியப்பட்டால்தான் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் குறிக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றத்தின் பார்வைக்குச் சென்று, சட்டப்படியான புலன்விசாரணை தொடங்குகிறது. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, காணாமல் போன பை போன்றவற்றுக்கு ரசீது போதும். திருட்டு, தாக்குதல், பெண்கள்மீதான குற்றம், பண மோசடி ஆகியவற்றுக்கு ரசீதோடு திரும்பிவந்து காத்திருப்பது சரியன்று.

புகாரைத் தமிழிலேயே, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். நாள், நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், என்ன இழந்தீர்கள் என்ற ஆறும் இருந்தால் போதும். சட்டப்பிரிவைக் குறிப்பிடுவது உங்கள் வேலையன்று. ஐயமானவற்றை ஐயம் என்றே எழுதுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தத் தாளைத்தான். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், காவலர் எழுதிக்கொண்டு, படித்துக்காட்டி, கையொப்பம் பெறவேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாக உடனே தரப்படவேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக மற்றவற்றின் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டதால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் அதைப் பார்க்கலாம்.

7. எஃப்.ஐ.ஆர். போட மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

காவல்துறை நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலிருந்து தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் உண்டு: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு, 14 நாள்களுக்குள் முடிக்கவேண்டிய முதற்கட்ட விசாரணையை நடத்தலாம். ஆகவே ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று சொன்னால், இந்த விதியின்படியா, அனுமதி பெறப்பட்டதா, 14 நாள் எப்போது முடிகிறது என்று பணிவாகக் கேளுங்கள்.

மறுப்பு நீடித்தால், புகாரின் சாரத்தை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பவேண்டும். ஆணையரகப் பகுதியாக இருந்தால் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பயனில்லையென்றால் நீதித்துறை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். நடுவர் நடைமுறைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவின்படி விசாரணைக்கு உத்தரவிட முடியும். முதல் இரண்டு படிகளைத் தாண்டாமல் நேராக நீதிமன்றம் போனால் மனு அங்கே நிற்பது கடினம் என்பதால், ஒவ்வொரு படியிலும் தாள் கையில் இருக்கவேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

8. ‘அது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்’ என்கிறார்கள். அலைய வேண்டுமா?

வேண்டியதில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 173-ஆம் பிரிவே இப்போது சொல்கிறது. அப்படிப் பதியப்படுவதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், பதிந்த நிலையம் அதை உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்பும். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட்டால் அது பதிவாகும். எல்லையைப் பற்றி முதல் கேள்வியில் அத்தனை சொன்னது விசாரணை விரைவாக நடக்கட்டும் என்பதற்காகத்தான். எல்லை தெரியாதது யாருடைய புகாரையும் தடுக்கக்கூடாது.

9. வீட்டைத் திறந்தால் பீரோ உடைந்து கிடக்கிறது. முதலில் என்ன செய்யவேண்டும்?

உள்ளே போகாதீர்கள். என்னென்ன போயிற்று என்று பார்க்கும் பதற்றத்தில் வீட்டார் எல்லோரும் பீரோவைத் தொட்டுவிடுவதும், தரையைப் பெருக்கிவிடுவதும், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அறை முழுவதும் நடப்பதும்தான் கைரேகையையும் காலடித் தடத்தையும் அழித்துவிடுகின்றன. வெளியே நின்று 100-ஐ அழையுங்கள். கைரேகை நிபுணர்கள் வந்து முடித்த பிறகே கணக்கெடுங்கள். அதற்குள் எதிர்வீட்டு, தெருமுனைக் கேமராப் பதிவுகள் அழிந்துவிடாமல் இருக்க அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

நகையின் பட்டியலில் ‘பதினைந்து பவுன்’ என்று மொத்தமாக எழுதாமல், ஒவ்வொன்றின் எடை, வடிவம், கல், கடை முத்திரை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதவேண்டும். மீட்கப்பட்ட நகைகளில் உங்களுடையதை அடையாளம் காட்ட இது வேண்டும். கடை ரசீதையும், திருமணப் படத்தில் அந்த நகை தெரியும் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுங்கள். இன்றே ஒவ்வொரு நகையையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வேறோர் இடத்தில் சேமித்துவையுங்கள்.

மீட்கப்பட்ட பொருள் வழக்கு முடியும்வரை நீதிமன்றத்திலேயே கிடக்கும் என்ற அச்சத்தில் சிலர் புகாரே கொடுப்பதில்லை. நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் 14 நாள்களுக்குள் பொருளின் விவர அறிக்கையைத் தயாரித்து, படமெடுத்து, அடுத்த 30 நாள்களுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிடவேண்டும். இதைச் சுட்டிக்காட்டி மனுச் செய்யுங்கள்.

10. பையனின் சைக்கிள் திருடுபோயிற்று. ‘ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் கேஸ் போட முடியாது’ என்றார்கள். உண்மையா?

பாதி உண்மை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணத் திருட்டைப் புதிய சட்டம், நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை விசாரிக்க முடியாத குற்றமாக வகைப்படுத்தியிருக்கிறது. அப்போதும் தகவலைப் பதிவேட்டில் எழுதி, உங்களை நடுவரிடம் அனுப்பவேண்டிய கடமை நிலையத்துக்கு உண்டு. ஆனால் குடியிருக்கும் கட்டடத்துக்குள்ளிருந்து திருடப்பட்டிருந்தால் அது தண்டனைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவில் வரும். அதற்கு ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு, மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியும் எழாது. சைக்கிள் வீட்டுக்குள் இருந்ததா, தெருவில் நின்றதா என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். கழுத்துச் சங்கிலியைப் பறிப்பதும் இதில் சேராது. பறிப்பு 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகியிருக்கிறது.

11. செல்போன் தொலைந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகவேண்டுமா?

தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவுசெய்து சான்று பெறலாம். கைப்பேசிக்கு முதலில் சிம் அட்டையை முடக்கி, காவல்துறையிடம் பதிவுசெய்து, அந்தப் புகாரின் நகலோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியை முடக்கக் கோருங்கள். அதற்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். கைப்பேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி (*#06#) என்று அழுத்தினால் அந்த எண் தெரியும். தொலைவதற்கு முன்பே அதை எழுதிவையுங்கள்.

12. அக்கவுண்டிலிருந்து பணம் போய்விட்டது. பேங்குக்குப் போவதா, போலீசுக்கா?

முதலில் 1930, அதாவது இணையக் குற்ற உதவி எண். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு விரைவாக நகர்த்திவிடுவார்கள். அது எங்கேயாவது ஒரு கணக்கில் நிற்கும்போதே முடக்குவதற்காக ஏற்பட்டதே இந்த எண். பிறகு வங்கிக்குச் சொல்லி, புகார் எண் பெறுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருடையது அன்று என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை கூறுகிறது. நாமே ஓ.டி.பி. சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கியே ஏற்கவேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பைக் கூட்டுகிறது.

ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. காவல்துறை, சி.பி.ஐ., நீதிமன்றம் என எதுவும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்யாது. பணத்தை ‘சரிபார்ப்பதற்காக’ வேறு கணக்கில் போடச் சொல்லாது. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, மகனுக்கோ பக்கத்து வீட்டுக்கோ உரக்கச் சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லக்கூடாது’ என்று மிரட்டுவதே இந்த மோசடியின் உயிர்நாடி.

13. வீட்டை வாடகைக்கு விடும்போது போலீசுக்குச் சொல்வது கட்டாயமா?

சில நகரங்களில் காவல் ஆணையர்கள் அவ்வப்போது இதற்கென உத்தரவு பிறப்பிப்பதுண்டு. உங்கள் நிலையத்தில் இப்போதைய நிலையைக் கேளுங்கள். உத்தரவு இல்லாவிட்டாலும் கொடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். அந்த ஒப்பந்த நகலோடு குடியிருப்பவரின் படத்தையும் அடையாளச் சான்றையும் கொடுத்தால் போதும். இந்த விவரங்களைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

14. காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர்கள் எல்லோரையும் விசாரிக்கவேண்டுமா?

காவலாளிகளை நிறுவனத்தின் வழியாக வைத்தால், அந்த நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். தம் காவலாளிகளின் பின்னணியைச் சரிபார்ப்பது அந்த நிறுவனத்தின் கடமை. தனியாக வைப்பவர்களுக்குக் காவல்துறையின் இணைய வழிச் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. வேலைக்கு வருபவர்களின் பையைத் தினமும் வாசலில் சோதிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அது அவர்களை அவமதிக்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்னதே இங்கும் பொருந்தும்.

15. போலீஸ் வந்து கேமரா பதிவைக் கேட்டால் கொடுக்கலாமா? பெட்டியையே எடுத்துப் போகிறார்களே?

கொடுக்கவேண்டும், ஆனால் எழுத்துப்பூர்வமான கோரிக்கையின் பேரில். விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ ஒப்படைக்கும்படி எழுத்தில் ஆணையிட நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. பதிவை நகலெடுத்துத் தந்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் கேமராவுக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்டுத் தரவேண்டியிருக்கும். அது இல்லாத நகல் நீதிமன்றத்தில் மதிப்பிழக்கும் என்பதால்தான் சில சமயம் கருவியையே எடுத்துச் செல்கிறார்கள். எடுத்துச் சென்றால் அதற்கான பட்டியலில் கையொப்பமிட்டு நகல் கேளுங்கள்.

பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். உங்களுடையது எத்தனை நாளைக்குப் பதிவைத் தாங்குகிறது என்பதையும், அதன் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் தவறாகக் காட்டும் பதிவு விசாரணையைத் தவறான திசைக்கு இழுத்துச் செல்லும். கேமரா தெருவையும் பொது வாசலையும் பார்க்கட்டும்; எதிர்வீட்டுப் படுக்கையறைச் சன்னலைப் பார்க்கக்கூடாது.

16. கோயில் திருவிழா, கல்யாண மண்டபம்; இரவு முழுக்க ஒலிபெருக்கி. போலீஸ் தலையிடுமா?

தலையிடவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல், விழாக் காலங்களில் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. முதலில் விழாக் குழுவினரிடம் பேசிப் பாருங்கள், பத்தில் எட்டுச் சிக்கல்கள் அங்கேயே தீரும், தீராதபோது 100.

17. பக்கத்து மனைக்காரர் ஒரு அடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்புகிறார். ஸ்டேஷனில் சொன்னால் நிறுத்துவார்களா?

எல்லை யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. நில அளவைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அளந்து, தேவையென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை பெறவேண்டும். நிலையத்தில் உட்காரவைத்து ‘பேசி முடிப்பது’ இரு தரப்புக்கும் பிறகு பகையாகவே முடியும். அதற்குக் கட்டாயப்படுத்தப்பட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. போலி ஆவணம், மிரட்டல், அடிதடி ஆகியவை இருந்தால் மட்டும் அது குற்றவியல் விவகாரமாகும்.

18. எதிர் வீட்டில் அந்தப் பெண்ணை அடிக்கும் சத்தம் கேட்கிறது. நாம் தலையிடலாமா? குடும்ப விஷயம் இல்லையா?

குடும்ப விஷயம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர்மீது எந்த வழக்கும் நிற்காது. அந்த நேரத்தில் 100 அல்லது 112. ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181. குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567. குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

காவலர் வந்து சென்ற பிறகு அந்தப் பெண் தனியாகத்தான் இருக்கப்போகிறார். மறுநாள் ஒரு பெண்மணி சென்று, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, விரும்பினால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் துணையாகப் போகலாம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தமிழ்நாடு தொடங்கியது, ஆண் காவலர்முன் வாய் திறக்கத் தயங்கிய பெண்களுக்காகவே. அவருடைய விருப்பத்தை மீறி ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

19. சாட்சி சொல்ல அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போயே ஆகவேண்டுமா?

இல்லை. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்று நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு கூறுகிறது. அவர்களே விரும்பினால் போகலாம். மற்றவர்களையும் எழுத்துப்பூர்வமான அழைப்பாணை மூலமே அழைக்கவேண்டும். காவலர் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையொப்பமிடத் தேவையில்லை என்பதும் பலர் அறியாதது. குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்கப்பட்டால் நிலைமை வேறு. அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவின் அறிவிப்பைப் பெற்று, வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு தவறாமல் ஆஜராகுங்கள்.

20. சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் கேஸ், கோர்ட் என்று இழுப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்லக்கூடாது. தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் கீழ் அரசே ஏற்கிறது. தயங்காமல் 108-ஐ அழையுங்கள்.

21. எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, இப்போது சமாதானமாகிவிட்டோம். வாபஸ் வாங்கலாமா?

நிலையத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்து எஃப்.ஐ.ஆரை ரத்துசெய்ய முடியாது. சட்டம் அனுமதிக்கும் சில குற்றங்களை நடைமுறைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தை அணுகவேண்டும். கோபத்தில் புகாரில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

22. புகார் கொடுக்கப் போன இடத்தில் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள், பணமும் கேட்டார்கள். யாரிடம் சொல்வது?

பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லவேண்டும். அடித்தாலோ இழிவாகப் பேசினாலோ மாநில மனித உரிமைகள் ஆணையத்திடம் மனுச் செய்யலாம், மேலதிகாரிக்கும் எழுதலாம். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், அதற்கு வசதியில்லையென்றால் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். எனவே மனுவில், நிலையத்தில் நீங்கள் இருந்த நாளையும், உள்ளே நுழைந்து வெளியேறிய நேரத்தையும், எந்த அறையில் நின்றீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, அந்த நேரத்துக் கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி வெளிப்படையாகக் கோருங்கள். அந்தக் கோரிக்கை எவ்வளவு விரைவில் எழுத்தில் போய்ச் சேருகிறதோ அவ்வளவு நல்லது.

வீட்டிலுள்ள ஒருவரைக் கைது செய்தால், காரணத்தை அவரிடமும், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை உறவினரிடமும் சொல்லவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விடியும்முன், நடுவரின் முன் அனுமதி பெற்ற பெண் அதிகாரி இன்றிக் கைது செய்யக்கூடாது. இரவில் எந்த வீட்டிலாவது இப்படி நேர்ந்தால் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரை எழுப்புங்கள். நிலையத்துக்குத் துணையாக வர எங்களில் ஒருவர் எப்போதும் இருப்பார்.